மூக்குக்குத் தப்பாத வீடு

மூக்கர் படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்தார். தலையை மட்டும் உள்ளே நீட்டி மூச்சை ஓர் இழுப்பு இழுத்தார். இழுத்த வேகத்தில் கதவைப் படாரென்று சாத்தினார்.

"என்னங்க?" என்று கேட்டாள் மனைவி. கூடத்தில் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. கொசு."

கொசுவாவது மண்ணாவது! உள்ளே அடித்தது பூஞ்சை வாடை. புத்தம்புது வீடு, இன்னும் குடியே வரவில்லை, அதற்குள் பூஞ்சை. அதுவும் யார் வீட்டில்? ஊரிலுள்ள புது வீடுகளையெல்லாம் முகர்ந்து பார்த்து, குடிபோகலாம், போகக்கூடாது என்று தீர்ப்புச் சொல்கிற கட்டட ஆய்வாளரின் சொந்த வீட்டில்!

அந்த ஊரில் வருஷத்தில் பாதி மழை, மீதிப் பாதி புழுக்கம். செருப்பை ஒரு மூலையில் மறந்து வைத்தால் ஒரே வாரத்தில் அதன்மேல் பச்சை படிந்துவிடும். சுவர் சரியாகக் காய்வதற்குள் அவசர அவசரமாகப் பூசி வண்ணமடித்துவிட்டால் பூஞ்சை உள்ளுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அதனால்தான் ஆய்வு, முத்திரை எல்லாம்.

மற்ற ஆய்வாளர்கள் சுவரில் ஈரம் பார்க்கிற மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். மூக்கருக்கு அதெல்லாம் பிடிக்காது. "பேட்டரி தீர்ந்தா மீட்டர் பொய் சொல்லும். மூக்கு சொல்லுமா?" என்பார். அவருடைய முறையே வேறு. கையில் இருக்கிற பையை அறையின் நடுவில் வைப்பார். கை காலியாக இருந்தால்தான் மூக்கு முழுசாக வேலை செய்யும் என்பது அவர் கட்சி. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டு வெளியே நின்று ஒரு டீ குடிப்பார். டீ முடிந்ததும் கதவைத் திறந்து ஓர் இழுப்பு. பத்துக்கு ஒன்பது வீடு அந்த இழுப்பிலேயே படுத்துவிடும். ஊரில் வீடு கட்டுகிறவர்களெல்லாம் அவரைக் கண்டால் நடுங்கினார்கள். மூக்கர் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அதைக் காதில் வாங்காததுபோல் இருப்பாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து. பெருமை போனால்கூடப் போகிறது, வீட்டைக் கட்டியது மனைவியின் தம்பி.

மச்சினன் நல்ல பையன், நாலு பேருக்கு வேலை கொடுக்கிற காண்ட்ராக்டர். அவன் கட்டிய வீடுகளை வரிசையாக மூன்று தடவை மூக்கர் தள்ளிவிட்டார். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு மனைவி இவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ரசத்துக்கு உப்பு வேண்டுமா என்பதைக்கூடப் பிள்ளைகளை விட்டுக் கேட்டாள். கடைசியில் மச்சினனே வந்து, "அத்தான், உங்க வீட்டை நான் கட்டறேன். உங்க மூக்குக்கே சவால். இதுலயும் பூஞ்சை வந்தா, சாந்துக் கரண்டியைத் தூக்கிப் போட்டுட்டு வேற பொழப்பு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாவம், ஒவ்வொரு செங்கல்லையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வைத்தான். நாளைக்கு ஆய்வு. சொந்த வீட்டுக்குத் தானே முத்திரை போடக்கூடாது என்று சட்டம். அதனால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஆய்வாளர் வருகிறார். எந்நேரமும் மீட்டரும் கையுமாக இருப்பதால் மூக்கர் அவருக்கு மீட்டரம்மா என்று பட்டம் கட்டியிருந்தார்.

"கடவுளே, இந்த ஒரு தடவை மட்டும் என் மூக்கு பொய்யாப் போகட்டும்" என்று வேண்டிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதலில் படுக்கையறை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நடுவில் இருந்த பையைத் தூக்கிச் சமையலறை மேடைமேல் வைத்தார். பழைய தோல் பை அது. டார்ச், அளவு நாடா, முத்திரை, அடியில் சுருட்டிய மழைக்கோட்டு என்று தொழில் சாமான் அத்தனையும் அதற்குள்தான். வேலையில் சேர்ந்த நாளில் வாங்கியது, ராசியான பை என்று யாரையும் தொடவிடமாட்டார். மாமியார் வீட்டுக்குப் போனால் மட்டும் விதிவிலக்கு. மாமியார் வாசலுக்கே ஓடிவந்து, மறுபேச்சில்லாமல் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். "மாப்பிள்ளை பையை மாமியாரே சுமக்கிற வீடு வேற எங்க இருக்கு, சொல்லு பாப்போம்" என்று மனைவியிடம் பலமுறை பீற்றிக்கொண்டதுண்டு.

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, வினிகரில் துணியை நனைத்துப் படுக்கையறைச் சுவர் நான்கையும் துடைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் வாடை போயே போய்விட்டது!

"வந்துட்டாருய்யா மூக்கரு!" என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு, வினிகர் புட்டியை வைக்கச் சமையலறைக் கதவைத் திறந்தார். குப்பென்று முகத்தில் அடித்தது.

"அடப்பாவி, இங்க வந்துட்டியா?"

பூஞ்சை இடம் பெயரும் என்று எந்தப் பாடத்திலும் அவர் படித்ததில்லை. மூக்கு சொல்கிறதே, என்ன செய்வது! பையைத் தூக்கிப் பிள்ளைகள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அலுவலகத்திலிருந்து சுவர் உலர்த்துகிற பெரிய ஹீட்டரை வரவழைத்து, சமையலறைச் சுவருக்கு நேரே முடுக்கிவிட்டார். வாடை குறைந்தது. கூடவே சுவரின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உரியத் தொடங்கியது.

"ஐயோ, என் ஆரஞ்சு கலர்!" மனைவி வாசலில் நின்றாள்.

"சத்தம் போடாத. காத்து வாங்க விட்டிருக்கேன்."

"பெயின்ட்டுக்கா?"

"சுவருக்கு மூச்சு முட்டுது."

"எனக்கும்தான் முட்டுது, உங்களைக் கட்டிக்கிட்டு!"

அவள் கோபத்தோடு பிள்ளைகள் அறைக் கதவைத் திறந்தாள். அப்படியே நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"என்னங்க இது? அந்த வாடகை வீட்டுல அடிக்கிற அதே வாடை! அது ஆகாமதானே சின்னவளுக்கு மூச்சிழுப்பு வருதுன்னு இங்க ஓடி வர்றோம்?"

மூக்கர் உளியைத் தேடி எடுத்தார். உண்மைதான். வாடகை வீட்டில் எந்த அறையைச் சாத்தித் திறந்தாலும் இதே வாடை. அந்த வீட்டுக்காரரோடு அவர் போடாத சண்டையில்லை. சின்னவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடுபட்டு இந்த வீடே.

"தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. தாங்கமாட்டான்" என்றாள் மெதுவாக.

"சொல்லுவேனா? சரி பண்ணிடறேன். ரெண்டு அறைக்கும் பொதுச் சுவர் இது. உள்ள பைப்புல கசிவு இருக்கும். லேசாத் தட்டிப் பாத்துட்டா தெரிஞ்சுடும்."

லேசாகத்தான் தட்டினார். பைப்பில் கசிவு எதுவும் இல்லை. அவர் உளி பட்ட பிறகுதான் கசிவே வந்தது. கசிவு என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். தண்ணீர் பீய்ச்சியடித்து மூக்கரின் மூக்கிலேயே ஏறியது.

வேறு வழியில்லாமல் மச்சினனைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தான், பைப்பை அடைத்தான், உரிந்த பெயின்ட்டைத் தடவிப் பார்த்தான்.

"அத்தான், நேரடியாச் சொல்லுங்க. வாடை இருக்கா?"

"சேச்சே! யார் சொன்னா?"

"அப்புறம் எதுக்கு உளி?"

"ஆணி அடிச்சேன். காலண்டர் மாட்ட."

சுவரில் ஓர் ஆளே நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. மச்சினன் அதையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை மீட்டரம்மா வந்துவிட்டார். மச்சினன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தேர்வு முடிவுக்கு வந்தவன்போல் ஓரமாக நின்றான். மகள் புது வீட்டைப் பார்க்க மாமியாரும் வந்திருந்தார். அவர் மாப்பிள்ளையிடம் நேரடியாகப் பேசியதே கிடையாது. எதிரிலேயே மூக்கர் நின்றாலும், "மாப்பிள்ளைக்கு ஏன் முகமெல்லாம் வாட்டம்னு கேளும்மா" என்று மகளிடம்தான் சொல்வார்.

மீட்டரம்மா எல்லாச் சுவர்களிலும் மீட்டரை வைத்து வைத்து எடுத்தார். கடைசியில் நிமிர்ந்து, "சார், நான் பாத்ததுலயே இவ்வளவு காய்ஞ்ச வீடு இது ஒண்ணுதான். நீங்க உடைச்ச இடத்தைத் தவிர எங்கயும் ஈரமே இல்ல. முத்திரை போட்டுடலாமா?" என்று கேட்டார்.

மனைவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மச்சினன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. மூக்கர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை சுபம்.

ஆனால் சின்னவள் இந்த அறையில் அல்லவா படுக்கப்போகிறாள்? ராத்திரி அவளுக்கு மூச்சு இழுக்கும்போது மீட்டரா வந்து முதுகைத் தடவும்?

"நில்லும்மா" என்றார். "மச்சான், என்னை மன்னிச்சுடு. உன்மேல எனக்குப் பிரியம்தான். ஆனா பிள்ளை விஷயம். ஒரே ஒரு தடவை என் முறையில பாத்துடறேன்."

பிள்ளைகள் அறைக்குள் போனார். பையை நடுவில் வைத்தார். ஜன்னல்களையும் கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டு வெளியே வந்தார். மனைவி டீ கொடுத்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் குடித்தார்கள். மாமியார் மட்டும் அடுப்படியில் பெயின்ட் உரிந்த சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்.

டீ முடிந்தது. மூக்கர் கதவைத் திறந்தார்.

இந்தத் தடவை யாரும் முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. வாடை தானாகவே வெளியே நடந்து வந்தது. மீட்டரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படி சார்? எனக்கு ஒண்ணுமே புரியல. உங்க மூக்கு மூக்குதான்" என்றார்.

மூக்கருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாராட்டு கசந்தது.

மச்சினன் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அக்காவின் கையில் வைத்தான். "அக்கா, நான் சொன்ன சொல் மாறமாட்டேன். நாளையிலேருந்து வேற வேலை தேடறேன். அத்தான்மேல எனக்கு வருத்தமில்ல. ஒண்ணா, ரெண்டா? நான் கட்டின எல்லா வீட்டுலயும் இதே வாடை. தப்பு என் கையிலதான் இருக்கு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூக்கரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னடி, ஏன் எல்லாரும் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். நடுவில் இருந்ததைப் பார்த்ததும் மகள் வழியாகப் பேச வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"ஐயையோ மாப்பிள்ளை, அந்தப் பையையா உள்ள வச்சுக் கதவைச் சாத்துனீங்க? எங்க வீட்டுக்கு நீங்க வந்தா, அதை நான் வாசல்லயே வாங்கிட்டுப் போய்க் கொல்லைக் கொய்யா மரத்துல இல்ல தொங்க விடுவேன்!"