ஐம்பது கல்லும் ஒரு கல்லாதவரும்

"அடியே, அம்பது கல்லு வாங்கிண்டு வந்திருக்கேண்டி!"

ஜட்கா நின்றதும் நிற்காததுமாக எங்காத்துக்காரர் போட்ட கூச்சல் மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் நாலு கரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பதினேழு வருஷத் தாம்பத்தியத்தில் இந்த மனிதருக்கு இன்றைக்குத்தான் புத்தி வந்திருக்கிறது. ஏழு கல் தோடு, இரண்டு காதுக்கும் பதினாலு. பேசரிக்கு எட்டு. பாக்கி இருபத்தெட்டை அட்டிகையில் பதித்துக்கொள்ளலாம் என்று நான் தீர்மானம் நிறைவேற்றி முடிப்பதற்குள், ஜட்காக்காரன் முக்கி முனகிக்கொண்டு ஒரு பெரிய மரப்பெட்டியைக் கூடத்தில் இறக்கினான்.

வைரம் அத்தனை கனம் கனக்காது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தார். ஐம்பது அறை. அறைக்கு ஒரு கல். கறுப்பு, சிவப்பு, அழுக்கு மஞ்சள். ஒவ்வொன்றின் மேலும் சின்னக் காகிதம் ஒட்டி இங்கிலீஷில் பெயர் எழுதியிருந்தது.

"என்ன இது?"

"மினரல் ஸ்பெசிமென்! சீமைக்குத் திரும்பிப் போற ஒரு துரையோட சாமானை மவுண்ட் ரோட்டுல ஏலம் விட்டா. கலெக்டர்களுக்கும் கிளாஸ் ரூமுக்கும் உகந்ததுன்னு பெட்டியிலேயே போட்டிருக்கு பாரு."

"எந்த ஜில்லா கலெக்டர்?"

"அந்தக் கலெக்டர் இல்லேடி, அசடே! அபூர்வமானதைச் சேர்த்து வைக்கிறவாளுக்கு இங்கிலீஷ்ல அப்படிப் பேரு."

"அது தெரியும். நான் கான்வென்ட்ல படிச்சவ. நீங்க எதுல சேர்த்தின்னுதான் கேட்டேன்."

அன்று சாயங்காலமே என் பட்டுப் புடவைகள் கண்ணாடி அலமாரியிலிருந்து வெளியேற்றப்பட்டன. என் பிறந்தாத்து அலமாரி அது. புடவைகள் தகர டிரங்குக்குப் போயின. கல்லெல்லாம் கண்ணாடிக்குள் கொலுவிருந்தது.

ஒரு வாரத்தில் எங்காத்துக்காரர் பண்டிதராகிவிட்டார். பகலில் கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஆறு மணிக்கு மேல் பூமி சாஸ்திர நிபுணர். தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்து, பூதக்கண்ணாடியும் கையுமாக, "இது கால்ஸைட்! இது ஹெமடைட்!" என்று முழங்குவார். கேட்டவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். நான் மட்டும் ஒன்றைக் கவனித்தேன். முதலில் காகிதத்தைப் பார்ப்பார். அப்புறம் கல்லைப் பார்ப்பார். கல்லை முதலில் பார்த்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதோடு நின்றிருந்தால் நானும் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஒரு நாள் ராத்திரி மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"குமுதாவுக்குப் பதிமூணு ஆயிடுத்து. தேர்ட் பாரம் வரைக்கும் படிச்சது போறும். திங்கட்கிழமை கான்வென்ட்டுக்கு லெட்டர் எழுதிப் பேரை எடுத்துடப் போறேன்."

"அவ சயன்ஸ்ல முதல் மார்க் வாங்கறா."

"பொம்மனாட்டிக்கு என்ன சயன்ஸ் வேண்டிக் கிடக்கு? கல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியுமோ உங்களுக்கெல்லாம்?"

சமையலுள் கதவுக்குப் பின்னால் எங்கள் பெண் குமுதா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் குளம். இப்படியொரு கதவுக்குப் பின்னால் இப்படியொரு பெண் நின்றதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். என்னையும் தேர்ட் பாரத்தோடுதான் நிறுத்தினார்கள். பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மணையில் உட்கார்த்தி வைத்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடினால் பயப்பட வேண்டும் என்று பதினேழு வருஷமாகியும் அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, காலேஜில் பூமி சாஸ்திரம் போதிக்கிற புரொபஸர் ஸ்ரீனிவாசராகவன் கல்லைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் தலையை ஆட்டிவிட்டால் எங்கள் தெரு வாசகசாலையில் இவர் லெக்சர் அடிக்கலாம். காலையிலேயே அங்கவஸ்திரத்தை மடித்து வைத்துவிட்டு, பழமும் வெற்றிலையும் வாங்க மாட வீதிக்குக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி ஒரு உத்தரவு போட்டார்.

"கல்லெல்லாம் ஒரே தூசி. நான் வரதுக்குள்ள பளபளன்னு இருக்கணும்!"

பதிவிரதை நான். சொன்னதைச் செய்தேன். பாத்திரம் தேய்க்கும் கெங்கம்மாவைக் கூப்பிட்டு ஐம்பது கல்லையும் அண்டாத் தண்ணீரில் போடச் சொன்னேன்.

"இன்னாம்மா இது, கல்லுக்கெல்லாம் தலை முழுவ ஊத்தறே? எண்ணெ தேய்க்கணுமா?"

"எண்ணெய் வேண்டாம். சீயக்காய் போதும்."

இரண்டு மணி நேரத்தில் ஐம்பது காகிதமும் கல்லை விட்டுக் கழன்று, அண்டாவில் தெப்பம் விட்டன. நல்ல மசி, எழுத்து அழியவில்லை. பசைதான் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், காகிதம் உரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போன வாரமே கழுவியிருப்பேன்.

"யம்மா! ஒரு கல்லக் காணம்!"

"சரியாப் பாருடி."

"பாத்துக்கினுதான் கீறேன். நாப்பத்தொம்போதுதான் கீது. ஒண்ணு கரைஞ்சி பூட்ச்சி."

"கல்லு எங்கேயாவது கரையுமா?"

"அப்போ நான் துன்னுட்டேனா?"

அண்டாத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. காகிதங்களில் தேடினால், இருக்கிறது: 'ராக் ஸால்ட்'. நம் இந்துப்பு! எங்காத்துக்காரர் கையில் ஏந்தி ஏந்திக் காட்டிய அதிசயம், ஷாஹுல் ஹமீது மளிகைக் கடையில் மூட்டையாகக் கிடக்கும் வஸ்து. கெங்கம்மாவை அங்கே துரத்தி ஒரு கட்டி வாங்கிவரச் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு இவர் வந்தார். கூடத்தில் ஒரு பக்கம் மொட்டைக் கற்கள். இன்னொரு பக்கம் முறத்தில் காகிதங்கள், வடாம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தன.

"ஐயோ! எது எதுன்னு இனிமே எப்படித் தெரியும்?"

"கல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவர் நீங்கதானே? ஒட்டுங்கோ."

பசைக் கிண்ணத்தையும் வைத்துவிட்டு உள்ளே போய், எனக்கு வேண்டிய ஒரு காகித வேலையைப் பார்த்தேன். திரும்பி வரும்போது சமையலுள் டப்பாவிலிருந்து பெரிய கல்கண்டு ஒன்றை எடுத்துவந்து கற்களோடு கல்லாக உருட்டிவிட்டேன்.

மணி மூன்று. மனிதருக்கு வேர்த்து ஊற்றியது. ஒட்டியது ஒன்பது, அதில் ஆறைப் பிய்த்தாயிற்று. கடைசியில் கல்கண்டைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியில் ஐந்து நிமிஷம் ஆராய்ந்தார்.

"என்ன பளபளப்பு! என்ன பட்டை! சந்தேகமே இல்லை, இதுதான் குவார்ட்ஸ்!"

அடியில் பசை தடவிப் பெயரை ஒட்டினார். நான் அதை வாங்கி, பசை படாத பக்கமாக ஒரு கடி கடித்தேன். கடக்.

"என்னடி பண்றே!"

"குவார்ட்ஸ் நன்னா இருக்கு. பாலில் போட்டுக் காய்ச்சினா இன்னும் நன்னா இருக்கும்."

மனிதர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். கேட்டும் கேட்காமலும் ஒரு குரல் வந்தது. "உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவாவது! கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடெட் ஒரு தட்டு நிறையக் கல்லைப் பரப்பி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்: கல்லை அறிய நகமும் நாக்கும் போதும். இரண்டும் எனக்குக் கூர்மை என்று இந்தத் தெருவுக்கே தெரியும்.

"ஒட்டித் தரேன். அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து."

இரண்டு பக்க இங்கிலீஷ் கடிதம். 'என் மகள் பள்ளி இறுதி வகுப்பு வரை தங்கள் பள்ளியிலேயே படிப்பாள்' என்ற முதல் வரியைப் படித்து முகம் கோணினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்தைப் போட்டார். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மேலே ஒட்டியதை மட்டும் படித்துப் பழகியவர் அல்லவா?

அரைமணியில் முடித்தோம், நானும் குமுதாவும். காந்தக்கல்லைத் தையல் ஊசி காட்டிக் கொடுத்தது. பென்சில் கரி தரையில் கோடு இழுத்தது. மாக்கல் என் கல்சட்டிக்குக் கூடப் பிறந்தது. காக்காப்பொன் ஏடு ஏடாக உரிந்தது. சுண்ணாம்புக் கல்லைச் சுரண்டி எலுமிச்சம்பழம் பிழிந்தால் பொசுபொசுவென்று பொங்கியது. அடுப்படியில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா?

புரொபஸர் வந்தார். குள்ளமாக, குறும்பான கண்ணோடு இருந்தார். எங்காத்துக்காரர் மார்பை நிமிர்த்தி வரிசையாக வாசித்துக்கொண்டே போக, அவர் இரண்டு வெள்ளைக் கல்லை எடுத்து, காகிதம் உள்ளே போகும்படி கையில் மூடிக்கொண்டார்.

"இப்போ சொல்லுங்கோ ஸார். இதுல குவார்ட்ஸ் எது, கால்ஸைட் எது?"

இவர் தொண்டையைக் கனைத்தார். அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார். மறுபடி கனைத்தார். குமுதா மெல்ல முன்னால் வந்து, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி இரண்டு கல்லையும் கீறினாள்.

"இதுல கோடு விழறது மாமா, கால்ஸைட். இதுல விழலை. இதுதான் குவார்ட்ஸ்."

"பலே! ஸார், இந்தக் குழந்தையை எது வரைக்கும் படிக்க வைக்கறதா உத்தேசம்?"

புகழ்ச்சி தன் பக்கம் திரும்புகிற வாசனை எங்காத்துக்காரருக்கு எட்டிவிட்டது. "எது வரைக்குமாவது? காலேஜ் வரைக்கும்! நான்தான் தினம் கூட உட்கார்ந்து சொல்லித் தரேன்!"

நான் கடிதத்தில் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியிருந்தேன். காலேஜை அவராகவே சேர்த்துக்கொண்டார், சாட்சியை எதிரே வைத்துக்கொண்டு. புரொபஸர் போகும்போது இந்துப்பை எடுத்துப் பார்த்து, "இதுதான் செட்டிலேயே சுத்தமான ஸ்பெசிமென்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர், கண்ணாடி அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே என் பட்டுப் புடவைகள்.

"கல்லெல்லாம் எங்கேடி?"

"கான்வென்ட்ல. 'வகுப்பறை உபயோகத்துக்காக நாற்பத்தொன்பது கல்லையும் பெட்டியோடு அன்பளிப்பாக அளிக்கிறேன்'னு நீங்கதானே கையெழுத்துப் போட்டேள்? மதர் ரொம்ப சந்தோஷப்பட்டா. உங்க பேரைப் பித்தளைத் தகட்டுல போடப் போறாளாம்."

கால் அலம்பிக்கொண்டு வந்து இலையில் உட்கார்ந்தார். பருப்பு சாதம் போயிற்று. ரசத்தை இரண்டு தரம் உறிஞ்சின பிறகுதான் அவருக்குக் கணக்கு உதைத்தது.

"நாப்பத்தொம்பதுதானே கொடுத்தே? அப்போ ஒண்ணு இருக்குமே! எங்கே வெச்சிருக்கே?"

"உங்க ரசத்துல."