நாலாவது தொட்டி வெடித்த கதை

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த எங்கள் விஸ்வநத்தத்தில் 'வெடிச்சிருச்சு' என்ற சொல்லை யாரும் விளையாட்டுக்குக்கூடச் சத்தமாகச் சொல்வதில்லை. எம்.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்த நான் அதை மொட்டை மாடியில் நின்று, செல்போனில், தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

தண்ணீர் சூடாவதும் உரம் கலப்பதும் நீருக்குள் வளரும் செடிகளை என்ன செய்யும் என்பதுதான் என் ப்ராஜெக்ட். வெம்பக்கோட்டை அணையிலிருந்து வேலம்பாசி என்ற நீர்ச்செடியை அள்ளிவந்து நாலு பிளாஸ்டிக் தொட்டிகளில் வளர்த்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் மீன்தொட்டி ஹீட்டர், ஒன்றில் யூரியா. நாலாவதில் ஹீட்டர், யூரியா இரண்டும். (மாடி முழுக்க ஒயர், மூலையில் வெள்ளைப் பொடி மூட்டை. எங்கள் ஊரில் இதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வகுப்பின் முதல் மாணவியான எனக்கு உறைக்கவே இல்லை.)

சூடான தொட்டியில் செடி கொஞ்சம் வேகமாக வளர்ந்தது. உரத் தொட்டியில் தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியது. நாலாவதுதான் ஆச்சரியம்! ஒரு காலையில் போய்ப் பார்த்தால், பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் நுண்பாசி பெருகித் தண்ணீரை மூடியிருந்தது. வெளிச்சம் கிடைக்காமல் அடியில் வேலம்பாசி அழுகிக் கிடந்தது. உடனே தோழிக்குப் போன் போட்டுக் குதித்தேன்.

"ஏய், நாலாவது வெடிச்சிருச்சுடி! யூரியா மட்டும்னா தாங்குது, சூடும் சேந்தா அம்புட்டுதான்! அடுத்து இன்னும் கூடப் போட்டுப் பாக்கப்போறேன்!"

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார் பேச்சியம்மா அத்தை. அவருடைய கொழுந்தன், தன் வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்யப்போய் உயிரை விட்டவர். ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு, போலீசுக்குச் சொல்ல ஓடியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் போலீஸ் ஜீப், பின்னாலேயே தீயணைப்பு வண்டி. மாடிக்கு வந்த எஸ்.ஐ., "யாரும் சுவிட்சத் தொடாதீக! ஏம்மா, போனைக் கீழ வையி!" என்றார். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் அப்பா, தகவல் கேட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், முழங்கை வரை அலுமினியப் பொடி மினுமினுக்க! எஸ்.ஐ. அந்தக் கையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

"சத்தியமா நமக்கு அந்த வேலை கிடையாதுங்கய்யா. கம்பெனியில தெரிஞ்சா என் பொழப்பே போயிரும்!"

அப்பாவின் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. அதற்குள் தீயணைப்பு வீரர்கள் தொட்டிகளில் மணலைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று தொட்டி போயிற்று. பாய்ந்துபோய் நாலாவதைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ, இதைத் தொடாதீங்க சார்! இதுதான் வெடிச்சது!"

மாடியில் இருந்த அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள். எஸ்.ஐ.யும்தான்.

"பாசி சார்! வெறும் பாசி! பெருகிருச்சுன்னு சொன்னேன்!" என்று அழுதேன்.

எஸ்.ஐ. மெல்ல எழுந்து, தொட்டிக்குள் லத்தியை விட்டுக் கிளறினார். கிளம்பிய நாற்றத்தில் தொப்பியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எங்க ஏழாயிரம்பண்ணைக் கம்மாயும் கோடையில இப்படித்தாம்மா நாறுது."

"ஆமா சார்! வயக்காட்டு உரமும் சாக்கடையும் வந்து சேருதுல்ல, வெயிலும் கூடுனா..." பயத்தை மறந்து, எல்லாரையும் நிற்கவைத்துப் பாடமே நடத்திவிட்டேன். பேச்சியம்மா அத்தை மேலே வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "பாசின்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானடி!" என்றவர், பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

இப்போது நான் கல்லூரி ஆசிரியை. வேலை கிடைத்த அன்று போனில், "அப்பா, ஒரு சந்தோஷமான விஷயம்!" என்று கத்தினேன்.

"இரு தாயி," என்றார் அப்பா. "மொதல்ல மாடிய விட்டுக் கீழ எறங்கு. பெறகு மெதுவாச் சொல்லு."

கல்யாணம் நிச்சயமானபோதும் அதே பதில்தான். மகள் பிறந்தபோதும் அதேதான். (பிரசவ வார்டு தரைத்தளத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.)