குற்றாலத்தில் மைத்துனருக்குத் தேய்க்கப்பட்ட எண்ணெய் குறித்து

தென்காசி

மதுரையில் காவல் உதவி ஆய்வாளராக விளங்கும் அன்பு மைத்துனர் இசக்கிதுரை அவர்களின் மேலான கவனத்திற்கு,

1. இதை எழுதுபவன், தென்காசியில் வழக்கறிஞராகவும் நோட்டரியாகவும் தொழில் செய்பவனும், தங்கள் உடன்பிறந்த அக்காள் சங்கரேஸ்வரியின் கணவனுமாகிய வீரபாகு.

2. இதைச் சுயநினைவோடும் எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதுகிறேன். தங்கள் அக்காள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தூண்டுதலாகக் கொள்ள வேண்டாம்.

3. தாங்கள் கோரிய எழுத்துமூலமான மன்னிப்பு இதனுள் அடங்கியுள்ளது.

இங்கு யாவரும் நலம். சாரல் நன்றாக விழுகிறது. தங்கள் வீட்டிலும் நலம் என்று நம்புகிறேன். நம்பிக்கைதானே தவிர நேரில் அறிந்ததன்று.

முதலில் தங்கள் அக்காள் பொரித்த எண்ணெயை நிர்வகிக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். அதை அறியாவிட்டால் என் பிழையின் அளவு விளங்காது. முன்பெல்லாம் எங்கள் தெருவில் எல்லோரும் சட்டி எண்ணெயைச் சாக்கடையில்தான் கொட்டினோம். அது குழாய்க்குள் மெழுகாக உறைந்து, ஒரு சாரல் காலத்தில் தெருவே அடைத்துக்கொள்ள, அடுத்த வீட்டுப் பாரூக்கின் வாசலில் எங்கள் வீட்டு அப்பளத் துணுக்கு மிதந்தது. அன்றோடு சங்கரேஸ்வரி ஒரு முறை வகுத்தாள். ஒருதரம் பொரித்த எண்ணெய் மறுநாள் தாளிப்புக்கு ஆகும். அதற்குமேல் அடுப்பைக் காணாது. ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தூக்குவாளியில் மூடிவைப்பாள். சட்டியைக்கூடக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுவாள். மாதந்தோறும் வரும் வண்டி அதைக் கொண்டுபோய் லாரிக்கு எரிபொருளாக்குகிறது. இன்று தெருவில் வீட்டுக்கொரு தூக்குவாளி இருக்கிறது. பாரூக்கின் மனைவி ஷமீம் பானு நோன்புக் காலத்துச் சமோசா எண்ணெயைச் சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கிறார். அபராதம் விதித்தாலும் நடக்காத இக்காரியத்தை அவள், "ஏட்டி, அந்த எண்ணெயக் கீழ ஊத்தாத, இங்கன கொண்டா" என்ற ஒரே வாக்கியத்தில் சாதித்தாள். இத்தனை சுருக்கமாகவும் ஓட்டையின்றியும் இயற்றப்பட்ட சட்டம் எதையும் நான் படித்ததில்லை.

இதற்குள் நான் தலையிட்டதே பிழை. சீசனுக்குத் தாங்கள் வருவதை முன்னிட்டு உளுந்த வடை சுட்ட எண்ணெய் வாளியில் இருந்தது. மூடி தளர்ந்திருக்கக் கண்டு, எறும்பு விழக்கூடுமென்ற முன்னெச்சரிக்கையால், அதைக் காலியான நல்லெண்ணெய்க் குப்பி ஒன்றுக்கு மாற்றினேன். "வாளியிலயே கெடக்கட்டும், நீங்க ஒங்க கோர்ட்டு வேலயப் பாருங்க" என்று அவள் தடுத்தும் கேளாமல், "சமைப்பதற்கோ தேய்ப்பதற்கோ உரியதன்று" என்று சீட்டெழுதி ஒட்டினேன். எண்ணெய்க் கையால் எண்ணெய்க் குப்பியில் ஒட்டிய சீட்டு நிற்காது என்பது சட்டக் கல்லூரியில் சொல்லித்தரப்படவில்லை. வடை சுட்ட கடலை எண்ணெய் ஆறினால் நல்லெண்ணெயின் நிறத்தையே அடைகிறது. அலமாரியில் ஒரே மாதிரி நின்ற இரு குப்பிகளில் ஒன்றைத் தாங்கள் காலையில் எடுத்துக்கொள்ள, பாரூக்கின் காரில் குற்றாலம் போனோம்.

பேரருவிக்குப் போகும் வழியில், பஜ்ஜிக் கடையை ஒட்டிக் கிடந்த கல்லில், கையில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு தாங்கள் அமர, எண்ணெய் தேய்க்கும் சுடலையாண்டி தங்கள் முதுகில் கைவைத்தார். சற்று நேரத்தில் தாங்கள் மூக்கைச் சுளித்து, "என்ன அத்தான் இது, சட்டி வாட அடிக்கி?" என்றீர்கள். "எண்ணெயில ஒரு கொறயும் இல்ல அண்ணாச்சி, நல்லா எறங்குது" என்றார் சுடலையாண்டி. அப்போது ஒரு குரங்கு இறங்கிவந்து தங்கள் தோளை முகர்ந்து, போக மனமின்றிப் பக்கத்திலேயே அமர்ந்தது. நான் தற்செயலாகக் குனிந்தபோது, அந்தச் சீட்டு என் வேட்டியில் ஒட்டிக்கொண்டு குற்றாலம்வரை வந்திருப்பதைக் கண்டேன். உண்மையை மறைக்கலாகாது என்ற தொழில் பழக்கத்தால் அதை உரக்க வாசித்தும் காட்டினேன். அருவிக்கு நின்ற வரிசை முழுவதும் சிரித்தது. "அண்ணாச்சிய அருவிக்குள்ள எறக்காதிய, தெறிச்சிரும்" என்று பாரூக் சொன்னது தேவையற்றது. அந்நிலையிலும் தாங்கள் எவரையும் கைது செய்யாமல், எழுந்து, அருவியில் நின்று குளித்துவிட்டு நடந்துவந்த கம்பீரத்தை இன்றும் வியக்கிறேன்.

அன்றைய ரயிலிலேயே போய்விட்டீர்கள். பிறகு அக்காளிடம் போனில், "அத்தான் சாட்சியோட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், அப்பத்தான் நிச்சயத்துக்கு வருவேன்" என்றீர்கள். ஆவணியில் ஆய்க்குடியில் என் மகள் முத்துச்செல்விக்கு நிச்சயதாம்பூலம். தாய்மாமன் கைபடாமல் நம் குடும்பத்தில் தட்டு மாற்றியதில்லை. "மாமா வரலன்னா தட்டு மாத்தாண்டாம்ப்பா. மாப்ள வீட்டுல ஏன்னு கேட்டா நீங்களே எண்ணெக் கதயச் சொல்லுங்க" என்று சொன்னவள், அதன்பின் என்னிடம் பேசவில்லை. எனவே, தங்கள் திருமேனியில் வடை எண்ணெய் தேய்க்கப்பட நானே முழுக் காரணம் என ஒப்புக்கொண்டு, நிபந்தனையின்றி மன்னிப்புக் கோருகிறேன்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தார்க்கும் இலஞ்சி முருகன் எல்லா நலனும் அருள்வானாக.

இப்படிக்கு,
வீரபாகு

சாட்சிகள்:
சங்கரேஸ்வரி
பாரூக்

பின்குறிப்பு: மேற்படி கையெழுத்துகள் ஆன பிறகு, விளக்கேற்றுவதற்காகத் தங்கள் அக்காள் அலமாரியில் எஞ்சியிருந்த குப்பியைத் திறந்தாள். முகர்ந்தாள். "இது நம்ம வட எண்ணெல்லா" என்றாள். ஆகவே தங்களுக்குத் தேய்க்கப்பட்டது கலப்பற்ற நல்லெண்ணெய். வாடை பஜ்ஜிக் கடையினுடையது, குரங்கு வந்தது தங்கள் கையிலிருந்த பொட்டலத்துக்கு. கடிதத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்றேன். "அவன் கேட்டது மன்னிப்பு. உண்மைய யாரு கேட்டா?" என்றாள். நான் பேனாவைத் தேடுவதற்குள் தெருவில் மாத வண்டியின் மணி கேட்டது; குப்பியோடு போய் அதில் ஊற்றிவிட்டு, வெறுங்குப்பியோடு திரும்பினாள். சான்றுப்பொருள் இப்போது ஏதோ ஒரு லாரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் ஒரு வழக்கு இவ்வளவு நேர்த்தியாக முடிக்கப்பட்டதை நான் கண்டதில்லை. நிரூபிக்க இயலாததை நான் வாதிடுவதில்லை. மன்னிப்பு அப்படியே நிற்கிறது. ஆவணியில் வந்துவிடுங்கள்.

வீரபாகு

பின்குறிப்புக்குச் சாட்சி: பாரூக்.
சங்கரேஸ்வரி இதில் கையெழுத்திட மறுத்துவிட்டாள்.