செப்பு வில்லையும் கிணற்றுக் குரலும்

அலைச்சித்தர் வருகிறார் என்றதும் அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. விடுதி அறைகளை முன்பதிவு செய்து தரும் அலுவலகம் அது. நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி வழியே வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்று அறை கேட்டவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களோ, ஹெட்செட்டைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

தொல்லை என்னவோ நிஜம்தான். கம்பியில்லாத புது ஹெட்செட்டில் பாட்டுக் கேட்டால் தேனாக இருக்கும். பேச ஆரம்பித்தால் போதும், எல்லாமே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். பத்தாம் தேதி என்றது எட்டாம் தேதி என்று காதில் விழுந்து, குடும்பத்தோடு வந்து இறங்கிய ஒருவருக்கு அறையே இல்லாமல் போயிற்று. அவர் மேனேஜரைத் திட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அதற்குத்தான் சித்தர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் அறுந்த ஒயர் ஒன்று. முதலில் பாட்டுப் போடச் சொல்வார், தேன். அழைப்பைத் திறக்கச் சொல்வார், கிணறு. "பாத்தீங்களா, வாயத் தொறந்ததும் கண்ணேறு வந்து உக்காந்துடுச்சு" என்பார். செப்பு வில்லை ஒன்றை ஹெட்செட்டில் ஒட்டி, அலை ஓய வேண்டும் என்று அழைப்பை மூடுவார். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பார். பாட்டு மறுபடியும் தேன்! கூட்டம் கைதட்டும். மூடியது அழைப்பை மட்டுமல்ல, தங்கள் கண்களையும்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வில்லைக்கான காசு சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

மறுநாளே பழைய கிணறு திரும்பிற்று. இரண்டாம் வரிசையின் மேற்பார்வையாளர், எல்லோருக்கும் அக்கா, அது ஏன் என்று மட்டும் கேட்டார். சித்தர் கண்ணை மூடிக் காற்றை மோந்தார்.

"இங்க ஒரு தொண்டை சரியில்ல" என்று அக்காவைக் காட்டினார்.

அவ்வளவுதான். அக்காவின் மேசை பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த சாமான் அறைக்குப் போயிற்று. அழைப்பு எடுக்கக் கூடாது, கூட்டத்தில் பேசக் கூடாது, அடுத்த மாதம் வேலையைப் பற்றி யோசிக்கலாம் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அக்கா வணக்கம் சொன்னால் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அக்காவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஹெட்செட்டோடு வீட்டுக்குப் போய், அதை மடிக்கணினியில் இணைத்துப் பாட்டை ஓடவிட்டு, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு அழைப்புப் போட்டார். தொட்டிக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது என்றார் அவர். அக்கா அமைப்புகளை ஒவ்வொன்றாக நோண்டினார். மைக் என்ற இடத்தில் ஹெட்செட்டின் பெயர் இருந்தது. அதை மாற்றிக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தார். காதில் பாட்டு சட்டென்று மலர்ந்தது. திரும்ப மாற்றினார்; கிணறு. மறுபடி மாற்றினார், தேன்.

"இப்பதான் மனுஷக் குரல் மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொன்ன பெரிய பாராட்டு அதுதான்.

அடுத்த முறை சித்தர் வந்தபோது அக்கா நேரே கூட்டத்துக்குள் போய், என் தோஷத்தையும் கழியுங்கள் என்று பணிவாகக் கேட்டார். சித்தருக்கு வாயெல்லாம் பல். மேனேஜரே கேட்டுச் சொல்லட்டும் என்று அக்கா ஹெட்செட்டை அவர் காதிலேயே மாட்டினார். பாட்டு ஓடியது. அழைப்பைத் திறந்ததும் மேனேஜர் முகம் சுளித்தார். சித்தர் வில்லையை ஒட்டிவிட்டு, அழைப்பை மூடக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையை மெதுவாகத் தடுத்தார்.

"அழைப்பு தொறந்தே இருக்கட்டும் ஐயா. பேசும்போதுதானே எங்களுக்குக் கேக்கணும்?"

சித்தர் முணுமுணுத்தார். கிணறு. இன்னொரு வில்லை. கிணறு. மூன்றாவதை ஒட்ட ஹெட்செட்டில் இடமில்லை. இங்கே நம்பிக்கை போதாது என்றார் சித்தர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

அக்கா வில்லைகளைப் பிய்த்து, மேனேஜரின் ஆறிப்போன காப்பிக்குள் போட்டார். கணினி அமைப்பில் மைக்கை மாற்றினார். மேனேஜரின் கண்கள் விரிந்தன.

"தெளிவா இருக்கே!"

"கம்பியில்லாம வர்ற வழி ரொம்பக் குறுகல் சார். கேக்க மட்டும்னா முழு வழியும் பாட்டுக்கு. அதே ஹெட்செட்ல பேசவும் செஞ்சா, ரெண்டுக்கும் இடம் பத்தாம சத்தத்த நசுக்கி அனுப்புது. மைக்க வேற இடத்துல வெச்சா தீந்துச்சு. ஹால் இரைச்சலா இருந்தா, ஆளுக்கொரு ஒயர் மைக் வாங்கிக் குடுங்க. என் தொண்டைய விட்டுடுங்க."

எல்லோரும் தங்கள் கணினிக்கு ஓடி மாற்றிப் பார்த்தார்கள். ஆங்காங்கே சிரிப்புச் சத்தம். பிறகு வில்லையோடு சித்தரைத் தேடினார்கள். அவர் படி இறங்கியிருந்தார், வந்ததைவிட வேகமாக. விரட்டிப் பிடித்துக் காசைக் கக்க வைத்தார்கள். பக்கத்து மேசைத் தோழி, அக்காவின் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

மேனேஜர் மட்டும் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்து, ஒரு சந்தேகம் என்றார்.

"இந்த மைக்க மாத்தும்போது எந்தத் திசையப் பாத்து உக்காரணும்?"

காதுகள் இரண்டுக்கும் விலை உயர்ந்த கருவி மாட்டுகிறோம், ஐயா. அவற்றுக்கு நடுவே ஒன்று சும்மா கிடக்கிறதே, அதற்குச் செலவே கிடையாது. தயவுசெய்து அதையும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.