புத்தகத்தின் கதவு நம்பரை உரித்தவள்

படிக்கத் தெரியாத ஒருத்தியால் ஒரு நூலகத்தை ஒரே மத்தியானத்தில் பாழாக்க முடியுமா என்று கேட்டால், முடியும். நான் செய்திருக்கிறேன். (நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இப்போதே சிரிக்கிறாள். எழுத்து கோணினால் அவள்தான் பொறுப்பு.)

அறுபதுகளின் கடைசி. கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு ஆயா வேலை. தற்காலிகம்தான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். அதற்கு முன் நான் அறிந்த தொழில், செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் சாமான் பரப்புவது. பெண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றையும் ஊரார் பார்க்கும்படி வரிசையாக வைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. (நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வார்?) கடைச் சீட்டு ஒட்டிய ஒரு கிண்ணம் வரிசையில் நின்றால் போதும், "சீட்டோட பரப்பி மானத்த வாங்குறியா?" என்று ஆச்சிமார் காய்ச்சி எடுத்துவிடுவார்கள்.

பள்ளியில் தெய்வானை டீச்சர் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஓர் அலமாரிப் புத்தகங்களை இனம் பிரித்திருந்தார். கதைகள் ஒரு தட்டு, பறவை பூச்சிகள் ஒரு தட்டு, வண்டி வாகனம் ஒரு தட்டு. ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் எண் எழுதிய வெள்ளைச் சீட்டு. அதே எண் பெரிய நோட்டிலும் இருக்கும். "அது புத்தகத்தோட கதவு நம்பரு. படிச்சு முடிச்சா அந்த வீட்டுலயே கொண்டுபோயி விடணும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அப்போது தண்ணீர்ப் பானை கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள், "வெள்ளையம்மா, அலமாரியத் தொடச்சு லெச்சணமா வையி" என்று சொல்லிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போக மத்தியான ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

ஈரத்துணி வைத்து அத்தனை சீட்டையும் ஊறவைத்து உரித்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போனது. உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். சிவப்பு அட்டை சிவப்போடு, பச்சை பச்சையோடு. தள்ளி நின்று பார்த்தேன். ஒரு பெண்ணையே கட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

காலையில் டீச்சர் வந்து பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் வாசலில் ஜீப் சத்தம்.

இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், "ஆகாய விமானத்தப் பத்தி ஒரு புத்தகம் எடும்மா" என்றார். அவள் நோட்டில் எண்ணைப் பார்த்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். மேலும் கீழும் தேடினாள்.

"சார், எந்த வீட்டுலயும் நம்பரக் காணோம்."

"நாந்தான் சார், புதுசா ஒட்டலாம்னு..." என்று டீச்சர் எனக்காகப் பொய் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவுக இல்ல சார், நாந்தான் உரிச்சேன். சீட்டோட பரப்புனா பள்ளிக்கூடத்துக்கு மருவாதி இல்லையில்ல."

"படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா நீக எதக் கேட்டாலும் எடுத்துத் தாரேன். அட்டையப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

(வேலை ஊசலாடுகிற நேரத்தில் இந்த வாய் தேவையா?)

இரண்டு பக்கமும் நீள இறக்கை போட்ட ஒரு நீலப் புத்தகத்தை உருவி, பெருமையாக நீட்டினேன். சிறுமி அட்டையைப் படித்தாள்.

"ஆயா, இது தட்டான்பூச்சி."

வகுப்பே உருண்டு சிரித்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது.

"இன்னிக்குக் கையெழுத்து இல்ல," என்றார். "ஒரு மாசம் கழிச்சு வருவேன். சீட்டு அத்தனையும் ஒட்டியிருக்கணும். நான் கேக்குற புத்தகத்த நீங்கதான் எடுக்கணும்."

அந்த மாதம் மைதாப் பசையோடு போயிற்று. பிள்ளைகள் பெயரைப் படிக்க, டீச்சர் எண் எழுத, நான் ஒட்டினேன். எழுத்து கடைசிவரை பிடிபடவில்லை. எண் பிடிபட்டுவிட்டது.

மனிதர் சொன்னபடி வந்து விமானத்தையே கேட்டார். டீச்சர் நோட்டைப் பார்த்து எண்ணைச் சொன்னார். முதுகு முதுகாக விரல் வைத்துப் போய், ஒன்றை உருவினேன். நீட்டுவதற்கு முன் ஓரக்கண்ணால் அந்தச் சிறுமியைப் பார்த்தேன். லேசாகத் தலையாட்டினாள். கையெழுத்து விழுந்தது. பேரன் பேத்தி எடுக்கும்வரை அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

போன வருஷம் முதல்முறையாக மதுரையில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனேன். வெளியே வந்ததும், என் கைப்பையைக்கூட வாங்காமல் மகன் கேட்டான்:

"தட்டான் நல்லாப் பறந்துச்சாம்மா?"