கழுதைக்கு முன்னால் கொஞ்சம் மணல்

செட்டிகுளத்து அரிசி ஆலை வேலையை விட்டுவிட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். ஓமந்தையில் மழை பிடித்தது. ஒதுங்கிய இடம், படங்களுக்குச் சட்டம் போடும் கடை. வன்னியிலேயே, வாயில் ஆணி இல்லாத நேரத்தில் கிட்டப் போகக் கூடாத ஒரே மனிதர் அங்கேதான் இருந்தார். ஊரார் அவரை ஆணிவாயர் என்பார்கள். வேலை செய்கையில் அவர் உதடுகளுக்கிடையே சின்ன ஆணிகள் வரிசையாக நிற்கும். பேச வேண்டுமென்றால் உள்ளங்கையில் துப்புவார். துப்பினால் வந்தவருக்குத் தப்ப வழியில்லை.

அன்று மாட்டியவர் திரேசக்கா. அவருடைய புதுவீட்டை ஆசீர்வதிக்க மறுநாள் காலை சுவாமியார் வருகிறார். அதற்குள் படம் சுவரில் ஏற வேண்டும். செப்புத் தகட்டில் கீறிக் கறுப்பு மையில் அச்சடித்த, ஒரு சாண் அகலப் படம். இடப்பெயர்வுகளில் எல்லாம் தொலைந்த பிறகும் அவர் சட்டைக்குள் மிஞ்சியது. குழந்தை யேசுவோடு மாதாவும் சூசையப்பரும் எகிப்துக்கு ஓடுகிறார்கள். கழுதை இடது பக்கம் நிற்க, வலது பக்கம் முழுக்க மணல். கடையில் இருந்த சட்டமோ படத்தைவிட ஒரு விரல் குறுகியது.

"முன்னால வெறும் மணல்தானே அண்ணை, வெட்டி விடுங்கோ."

ஆணிகள் உள்ளங்கையில் விழுந்தன.

"வெறும் மணலோ? அதுதான் பிள்ளை அவையின்ர வழி. வெட்டினா கழுதையின்ர மூக்கு சட்டத்தில இடிக்கும். ஆமிக்காரன் சென்றியில மறிச்சு விட்ட மாதிரி நிப்பினம். பிறகு எகிப்து எங்க, இவை எங்க?"

"எனக்கு விடிஞ்சா சுவாமி வாறார்!"

"வரட்டும். சூசையப்பரின்ர லாம்பைப் பார், நூந்துபோய்க் கிடக்கு. வெளிச்சம் குழந்தையில இருந்துதான் வருது. கீறினவன் இடம்பெயர்ந்தவன்தான். ஒளிச்சு ஓடேக்க எவன் லாம்பு கொளுத்துவான்? ஆனா ஒரு சட்டி இல்லை, மழைக்குப் பிடிக்க ஒரு தறப்பாள் இல்லை..."

"சூசையப்பரைப் பேசாதையுங்கோ அண்ணை!"

"அந்தாளைப் பேசேல்லை. மூட்டை கட்டின விதத்தைத்தான் பேசுறன்."

திரேசக்கா படத்தைப் பறித்துக்கொண்டு எழும்பினார். அதற்குள் ஆணிவாயர் சுவரில் தொங்கிய தன் சவரக் கண்ணாடியை இறக்கி, அதன் சட்டத்தைப் பிரித்துவிட்டார். படத்தின் மேல் வைத்ததும், மணல் முழுவதும் உள்ளே அடங்கியது.

"இனி முகத்தை எதில பாப்பியள்?" என்றார் அக்கா, குரல் இறங்கி.

"தெரிஞ்ச முகம்தானே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி எங்க போறாய்?"

"தெரியாது அண்ணை."

"அப்ப கடையில படு. விடிய அக்கா வீட்டை போய் இதைக் கொழுவிக் குடு. வாசலைப் பாக்க வையாதை, கழுதை குசினி அடுப்புப் பக்கம் போகவேணும். இவ்வளவு தூரம் நடந்து வந்ததுகள், பசிக்கும்."

ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு, அவற்றில் ஒன்றை உருவித் தந்தார்.

மறுநாள் காலை நான் பார்த்த வேலை அதுதான். அந்த ஆணியைத் துடைக்காமலே அடித்தேன்.