மாப்பிள்ளை வீட்டு எஞ்சின்

ஹப் ஏற மறுத்தது.

"இன்னும் ஒரு தட்டு தட்டுனா உள்ள போயிரும்," என்று ஆசீர்வாதம் சுத்தியலை ஓங்கினார்.

"இதத்தான் காலையிலேருந்து சொல்றீங்க," என்றாள் அவர் மனைவி அமலோற்பவம்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர்களுடைய மாட்டுக் கொட்டகை. அங்கே ஒரு டீசல் எஞ்சின் அக்கு வேறு ஆணி வேறாகச் சாக்கின் மேல் கிடந்தது. அது சொந்த எஞ்சினாக இருந்திருந்தால் ஆசீர்வாதத்துக்கு இப்படி வியர்த்திருக்காது. தங்கை பிரின்ஸியின் கணவர் கிளாட்சனுடையது. வாய்க்காலிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க இரவல் வாங்கி வந்தார். இறைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒடிந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுப் பொருளை உடைத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, கிளாட்சன் ஒரு கல்யாணத்துக்காக வேதாரண்யம் போயிருந்தார். ஞாயிறுதான் வருவார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால், ஊருக்கு இருக்கிற ஒரே மெக்கானிக் வேம்புவின் பட்டறை கிளாட்சன் வீட்டுக்கு நேர் எதிரே. ஆகவே ஆசீர்வாதம் செல்போனில் வீடியோ பார்த்துத் தானே மெக்கானிக் ஆகிவிட்டார்.

தஞ்சாவூர் பார்ட்ஸ் கடை துரைராசு, "கம்பெனி கிராங்க் இப்ப வர்றதில்ல சார். இது லோக்கல். ஆனா அளவு அச்சு அசல் அதேதான்," என்று ஹப்போடு சேர்த்துக் கொடுத்திருந்தார். கிராங்க் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது. அதன் முனையில் ஏறி, பெல்ட் புல்லியைத் தாங்க வேண்டிய ஹப்புதான் முரண்டு பிடித்தது.

ஓங்கிய சுத்தியல் இறங்கியது. ஹப் பாதி ஏறி, அங்கேயே சிக்கிக்கொண்டது.

"வீடியோவுல அந்த ஆளு சுத்தியலே எடுக்கலையேங்க?"

"அவனுக்கு ஞாயித்துக்கெழம மாப்ள வரலல்ல!"

மறுபடி தஞ்சாவூர் போய், சிக்கிய ஹப்பைக் கழற்றும் புல்லரைத் துரைராசுவிடம் இரவல் வாங்கி வந்து இழுத்தார். ஹப் வந்தது, வரும்போதே விளிம்பு உடைந்து வந்தது. இன்னொரு ஹப்புக்காக மறுபடி ஓடினார்.

"அடிக்காதீங்க சார். எண்ணெயில போட்டுச் சூடு பண்ணி ஏத்துங்க," என்றார் துரைராசு.

"என் அதிரசச் சட்டியிலயா? நடக்கவே நடக்காது," என்றாள் வீட்டில் அமலோற்பவம். கொஞ்ச நேரத்தில் ஹப் அதிரசச் சட்டியில் கிடந்தது.

சூடேறிய ஹப்பை இடுக்கியால் எடுத்து வைத்தார். வளையல் மாதிரி வழுக்கி ஏறியது. ஆறியதும் கிராங்கை உடும்பாகப் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா!"

"பாத்தேன். பத்திரமா வச்சுக்கன்னு எங்கிட்ட ஒரு சாமான் குடுத்தீங்களே, இது எதுக்குங்க?"

அவள் உள்ளங்கையில் பிறை வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஹப்பும் கிராங்கும் நழுவாமல் சேர்ந்து சுற்ற, நடுவில் முதலில் வைக்க வேண்டிய கீ அது. ஆசீர்வாதம் பசுவின் தீவனத் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி புல்லர். மறுபடி அதிரசச் சட்டி. இம்முறை கீயை வைத்து, அமலோற்பவத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஹப்பை ஏற்றினார். எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. தண்ணீர் குழாயில் பீறிட்டதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து கிளாட்சன் நேரே கொல்லைக்கு வந்தார். எஞ்சின் ஓடுகிற அழகைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆசீர்வாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பூசை கேட்டு வந்த கையோடு அவரால் அது முடியவில்லை.

"மாப்ள, மன்னிச்சுக்கங்க. எங்கிட்ட இருக்கும்போது கிராங்க் ஒடஞ்சிருச்சு. புதுசு போட்டுட்டேன்."

கிளாட்சன் பார்வையைத் தென்னை மரத்தின் பக்கம் திருப்பினார். பிறகு ஆசீர்வாதத்தின் தோளில் கை வைத்தார்.

"பொருள் இன்னிக்கு ஒடையும், நாளைக்கு வாங்கிக்கலாம். சொந்தத்த வாங்க முடியுமா மச்சான்? விடுங்க."

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கா பயந்தோம் என்று ஆசீர்வாதத்துக்கு வெட்கமாகிவிட்டது. "அமலு, கோழிய அடி!" என்று கத்தினார்.

கோழிக் குழம்பு கொதிக்கையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பூதலூரில் சரக்கு இறக்கிவிட்டு, புல்லரை வாங்கிப்போக துரைராசு இறங்கி வந்தார். கிளாட்சனைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அட, கிளாட்சன் சார்! கிராங்க்ல கீறல்னு புதுசுக்கு ஆர்டர் குடுத்தீங்க. அப்பறம், எஞ்சின மச்சான் இரவல் கேக்குறாரு, இனிமே புதுசு வேணாம்னு சொல்லிட்டீங்களே, அந்தக் கிராங்க் வீணாப் போகல சார், இவருக்கே குடுத்துட்டேன்!"